மனம் ஒப்பாத ஒருவர்

ஹல்டா பென்னக் என்னும் அம்மையார் எதற்கும் உடனே விடை சொல்லும் வழக்கமுடையவர் அல்லர். கடைக்காரர் புதிய கோழித்தீவனம் வந்திருப்பதாகச் சொன்னாற்கூட, "யோசிச்சுச் சொல்றேன்" என்று திரும்பிவிடுவார். ஊருக்கு மேற்கே தனியாகக் கோழிப்பண்ணை நடத்தி, சனிக்கிழமைதோறும் வீடு வீடாக முட்டை கொடுத்துவந்தார். பழைய முட்டையாயின் பழையது என்று சொல்லியே விற்பார். அவர் பொய் சொல்லி எவரும் கேட்டதில்லை.

இண்டியானாவில் உள்ள எங்கள் கிறிஸ்தவ சபைக்கு நண்பர் சபை என்று பெயர்; போதகர் கிடையாது. ஞாயிறு காலையில் மௌனமாக அமர்ந்திருப்போம். உள்ளத்தில் ஏதேனும் எழுந்தால் எழுந்து சொல்வோம். சபைக் காரியங்களில் வாக்கெடுப்பும் இல்லை. எல்லாருடைய மனமும் ஒப்ப வேண்டும். ஒருவர் மனம் ஒப்பாவிடினும் அக்காரியம் அடுத்த மாதக் கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்படும். தொன்றுதொட்ட அவ்வழக்கத்தில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

சென்ற அக்டோபரில் எலிசேயோ எங்களிடம் வந்தார். ஹோண்டுராஸ் நாட்டவர், எங்கள் வழிபாட்டு மண்டபத்தின் கூரையைச் செப்பனிட்டவரும் அவரே. அவரை நாடுகடத்த ஆணை பிறந்திருந்தது. வழிபாட்டிடத்தினுள் புகுந்து பிடிக்க அதிகாரிகள் தயங்குவர் என்று நம்பி, மனைவியோடும் இரு குழந்தைகளோடும் மண்டபத்தின் பின்னறையில் தங்க இடம் கேட்டார்.

அம்மாதக் கூட்டத்தை நடத்திய எல்வுட் ஹேட்லி, "யாருக்காவது மனசு ஒப்பலையா?" என்று வினவினார்.

ஹல்டா எழுந்தார். "எனக்கு ஒரு சங்கடம் இருக்கு, எல்வுட். அதிகாரிங்க கதவைத் தட்டி, 'அவன் உள்ள இருக்கானா'ன்னு கேட்டா நாம என்ன சொல்றது? பொய் சொல்ல எனக்கு வராது."

"வாயைத் திறக்காம இருந்துட்டாப் போச்சு," என்றார் மருத்துவமனைச் செவிலியான டெல்லா. "வாராவாரம் அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கோம்."

சிலர் சிரித்தனர். ஹல்டா சிரிக்கவில்லை.

"யோசிக்கணும். எனக்கு இன்னும் தெளியலை."

"சரி, அடுத்த மாசம் பார்க்கலாம்," என்றார் எல்வுட். நாங்களும் தலையசைத்தோம். பிறகு வெளியே வந்து, எலிசேயோவின் கையைப் பற்றி, உங்களுக்காக யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்போடு சொல்லி அனுப்பினோம்.

அடுத்த கூட்டத்திற்கு முன்பே, வேலைக்குப் புறப்பட்ட அவரைப் பெட்ரோல் நிலையத்தில் அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போயினர். ஏணி கட்டிய அவருடைய வண்டி அங்கேயே நின்றது. முன்னிருக்கையில் மதியத்திற்குக் கட்டிவந்த சோள ரொட்டியும் பீன்சும் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை ஹல்டா அவர்கள் வீட்டுக்கு முட்டை கொண்டு போனார். எலிசேயோவின் மனைவி மார்பெலா கதவைச் சிறிதே திறந்து பார்த்து, பிறகு உள்ளே அழைத்தாள். கூட்டத்தில் தடை சொன்னவர் யார் என்பதை அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

"சிகாகோவுல அவரோட அண்ணன் இருக்காரும்மா. அங்க போயிடலாம்னு நான் கெஞ்சினேன். 'அவங்க நல்லவங்க, யோசிச்சுக்கிட்டிருக்காங்க, பதில் வராம கிளம்பினா மரியாதை இல்லை'ன்னு சொல்லிட்டாரு."

ஹல்டா முட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

நவம்பர்க் கூட்டத்தில் எவரும் அவரைக் குறை சொல்லவில்லை. டெல்லா தாமே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். "உன்மேல தப்பில்லை, ஹல்டா. வழக்கம் அப்படி."

"திட்டினாத் தேவலை," என்றார் ஹல்டா.

அதிகாரிகள் அடுத்து வீட்டுக்கு வருமுன் மார்பெலாவையும் பிள்ளைகளையுமாவது மண்டபத்தில் தங்கவைக்கலாமா என்று எல்வுட் கேட்டார். காப்பீட்டு முகவரான வெண்டல் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"கட்டடத்துக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு? எனக்கு இன்னும் ஒரு மாசம் வேணும்."

எல்வுட் வழக்கப்படி தலையசைக்கத் தொடங்கினார். நாங்களும் அவ்வாறே செய்திருப்போம். அதற்குள் ஹல்டா எழுந்துவிட்டார்.

"வெண்டலுக்கு வேண்டிய நேரத்தைக் குடுங்க. அவங்க என் வீட்டுல இருக்கட்டும்."

"அதிகாரிங்க வந்து கேட்டா?" என்றார் வெண்டல்.

"உள்ளதான் இருக்காங்கன்னு சொல்லுவேன். கதவைத் திறக்க மாட்டேன்."

டெல்லா அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதைப் போன மாசமே சொல்லியிருக்கலாமே, ஹல்டா."

"ஆமா," என்றார் ஹல்டா. "அப்போ தோணலை."

ஹல்டா மேலங்கியை அணிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.

"நீங்க உட்கார்ந்து யோசிங்க. நான் அவங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."