வெள்ளியங்கிரியின் வலது கணுக்கால்

“இங்க வலிக்குதா?” என்று மருத்துவர் கட்டைவிரலால் அழுத்திக் கேட்டபோது வெள்ளியங்கிரிக்குப் பதில் தெரியவில்லை. வலது கணுக்கால் எலும்புக்குக் கீழே ஏதோ ஒன்று இருந்தது. அது வலிதானா, இல்லை ஐந்து வாரமாக வலியை எதிர்பார்த்துப் பழகிய இடம் தன்பாட்டுக்குக் கூசுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“லேசாங்க” என்றான்.

மருத்துவர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லா கூடிருச்சு தம்பி. இனி ஆடறதும் ஆடாததும் உன்ற விருப்பம்.”

அந்தக் கடைசிச் சொல்தான் அவனைக் குழப்பியது. ஆடக் கூடாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் துக்கப்பட்டிருப்பான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன். ஆறடி மூன்றங்குலம். இரண்டு வருடமாக அந்த அணியில் யார் கைக்குப் பந்து வந்தாலும் அடுத்து அவன் கைக்குத்தான் வரும். “வெள்ளி, வெள்ளி” என்று நான்கு பேரும் கத்துவார்கள். அவன் எம்பிப் போடுவான். இந்த வருட லீக்கில் எட்டுக் கல்லூரிகள். முதல் ஆட்டத்தில் இருபத்தெட்டுப் புள்ளிகள், அடுத்ததில் முப்பத்தொன்று என்று அவன் மட்டும் எடுத்தான். இரண்டு ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் சேலத்தில். எம்பி இறங்கும்போது எதிராளியின் ஷூ மேல் கால் விழுந்து மடங்கியது. அவனைத் தூக்கி வெளியே உட்காரவைத்தபோது அணி பதினொரு புள்ளிகள் பின்தங்கியிருந்தது.

உயரமான ஆள் வேறு யாருமில்லை. பி.டி. சார் தனசேகர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கெங்கவல்லிக்காரனான இரண்டாம் வருடத்துப் பையன் அறிவை உள்ளே அனுப்பினார். ஐந்தடி ஆறங்குலம். கொஞ்ச நேரம் யாருக்கும் பந்தை யாரிடம் தருவதென்றே தெரியவில்லை. மந்தையைத் தவறவிட்ட ஆடு மாதிரி அது அங்குமிங்கும் போய் வந்தது. பிறகு என்ன நடந்ததோ, ஐந்து பேரும் ஓட ஆரம்பித்தார்கள். பந்து தரையில் படுவதற்குள் நான்கு கை மாறியது. அறிவு எல்லார் கக்கத்துக்குக் கீழேயும் புகுந்து வெளியே வந்தான். நான்கு புள்ளியில் ஜெயித்தார்கள். கத்திக்கொண்டே ஓடிவந்து, ஐஸ் பையைக் காலில் பிடித்து உட்கார்ந்திருந்த கேப்டனைக் கட்டிக்கொண்டார்கள். அவனும் கத்தினான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பேருந்தில் திரும்பும்போது பேச்செல்லாம் அறிவைப் பற்றியே இருக்க, அவன் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான்கு ஆட்டம். நான்கிலும் வெற்றி. நான்கிலும் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினான்.

அப்பா சின்னுசாமி ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கரில் எங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். கால் மடங்கிய விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சித்ராதான் தடுத்தாள். “அங்க மிசினுக்குப் பக்கத்துல நிக்கற மனுசன். இதையச் சொல்லி நெனப்ப ஏன் கலைக்கோணும்?” அதனால் நான்காவது ஆட்டத்தன்று அப்பா போன் செய்தபோது ஜெயித்ததை மட்டும் சொன்னான்.

“நீ எத்தன போட்ட சாமி?”

“பதினாலுங்ப்பா.”

தானாக வந்துவிட்டது. அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே, “என்ற பையன் பதினாலு போட்டிருக்கறான்” என்று யாரிடமோ அப்பா சொல்வது கேட்டது. அடுத்த வாரம் பதினாறு, அதற்கடுத்து பதினொன்று. ஒரு தடவை எட்டு என்றான். எட்டுதான் நம்பும்படி இருந்தது. “பரவால்ல, அடுத்ததுல பாத்துக்கலாம்” என்று அப்பா தேற்றினார்.

இறுதி ஆட்டம் சொந்தக் கல்லூரியில், சனிக்கிழமை மூன்று மணிக்கு. சத்தீஸ்கரில் மழை பிடித்துக்கொண்டதென்று ரிக் வண்டி ஊர் திரும்ப, வெள்ளிக்கிழமை காலையிலேயே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து காலில் துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்தபடி பையை இறக்கினார்.

“இதெப்ப?”

“அஞ்சு வாரம் ஆச்சுங்ப்பா.”

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பதினாலும் பதினாறும் அங்கே வரிசையாக வந்து நின்றன. “நாளைக்கு ஆடறதுக்கு உடுவாங்களா?” என்றார்.

“தெரியலீங்ப்பா.”

மறுநாள் அவன் ஆட்ட உடைக்கு மாறித்தான் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆட்டம் சமமாகவே போனது. கடைசிப் பகுதியில் எதிரணியின் நெட்டையன் ஒருவன் கூடைக்கடியில் நின்றுகொண்டு அறிவின் தலைக்கு மேலாகவே போட ஆரம்பித்தான். மூன்று நிமிடம் மிச்சமிருக்க மூன்று புள்ளி பின்தங்கல். தனசேகர் சார் டைம் அவுட் கேட்டுவிட்டு அவன் முன்னால் வந்து குந்தினார்.

“டாக்டர் ஆடலாம்னுட்டார்னு தெரியும். நீ சொல்லு. எறங்கறியா?”

இறங்கினால் நான்கு பேரும் மறுபடி அவனைத்தான் தேடுவார்கள், ஓட்டம் நின்றுவிடும் என்று தோன்றியது. இறங்கித் தோற்றால் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஏன் தோற்றார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும் என்றும் தோன்றியது. இதற்கிடையே கணுக்காலில் சுருக்கென்று ஒன்று ஓடியது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

“வலிக்குதுங்க சார்.”

சார் ஒரு மூச்சு நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

அறிவு பனியனால் முகத்தை மூடிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். “நீங்க எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்ணா.”

வெள்ளியங்கிரியின் நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ பரவியது. அது என்னவென்று புரிந்ததும் பயந்துபோனான். “அப்படியெல்லாம் இல்லடா, நீ நல்லாத்தான் ஆடுன” என்றான். சொல்லிவிட்டு, அறிவு இன்னொரு தடவை அதையே சொல்ல மாட்டானா என்று காத்திருந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி வந்தார். இத்தனை வருடத்தில் அவர் இங்கே வந்தது இதுவே முதல் முறை. கிடந்த பந்தை எடுத்து இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன, இந்தக் கனம் கனக்குது.”

“போட்டுப் பாருங்க” என்றார் தனசேகர் சார்.

அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு மூட்டை தள்ளுவதுபோல் நெஞ்சிலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். பந்து வளைய இரும்பில் மோதிப் பின்னால் பறந்தது. கேட்டுக்கு வெளியே துள்ளித் துள்ளி நாமக்கல் ரோட்டைப் பார்த்து ஓடியது. தூரத்தில் முட்டை லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி ஓடினான். யோசிக்கவே இல்லை. கேட்டைத் தாண்டி, தார் விளிம்புக்கு ஓரடி முன்னால், சரளையில் குனிந்து பந்தை அள்ளிக்கொண்டான். லாரி ஹாரன் அடித்துக் கடந்தது.

திரும்பினான். அப்பாவும், சாரும், அறிவும் நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி கிளப்பிய புழுதி மெல்ல அவன் மேல் இறங்கியது. அவர்களை நோக்கி எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பதென்று தெரியாமல், பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அவன் ரோட்டோரத்தில் நின்றான்.