தையல்கூடத்து வாசகர்கள்

"அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்குங்க சார்"… சொல்லியே விட்டாள், சீனியர் அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்ன ஒரே விஷயம், கைடு எழுதினதைத் தப்புன்னு மட்டும் சொல்லிடாதடி, கையெழுத்து அவர்கிட்ட இருக்கு, அது இல்லேன்னா உன் ஆராய்ச்சி பொட்டலம் மடிக்கத்தான்… இருக்கட்டும், பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றுகிறார், "எதைம்மா?" என்கிறார், எதையா, உலக இலக்கிய வரலாறு என்று வெளிநாட்டில் தடிமனாக அச்சாகப்போகிறதே, அதில் அவர் பெயரில் வருவதைத்தான், அம்மா வேலைபார்த்த தையல்கூடத்தில் ஒருத்தி தொடர்கதையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டதை இவள் தன் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக எழுதிக் கொடுத்தால், எழுத்தறியாத பெண்களின் செவிவழி மரபு என்று ஒரே வரியில் சுருட்டி… எழுத்தறியாதவர்களா, யார் சொன்னது, அம்மா எட்டாவது பாஸ், அங்கே எல்லோருக்கும் படிக்கத் தெரியும், கை துணியில், கண் ஊசியில், காதுதானே மிச்சம், வாசிக்கிறவளின் பங்குத் துணியை மற்றவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு தைத்தார்கள், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே இந்த மனுஷருக்கு, தொடர்கதையின் கடைசி வாரத்தில் கதாநாயகி தன்னை அடித்த புருஷனிடமே திரும்பிப் போனபோது மெஷினை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டார்களாமே, அவன் எழுதிட்டா ஆச்சா, நாங்க ஒத்துக்க வேணாமா என்று, அவளைத் தனியாக வாழவைத்து அவர்களே ஒரு முடிவு கட்டினார்களே, அது விமரிசனம் இல்லையாம், வெளிநாட்டுக்காரர் ஒருவர், வாசகர்தான் பிரதியை முடிக்கிறார் என்று சொன்னால் மட்டும் கோட்பாடாம், அதற்கு மூன்று பக்கம்…

"உலகத்துக்குப் புரியற மாதிரி எழுதணும்ல."

"அப்ப அந்தக் கூடம் எங்க சார் இருந்துச்சு, நிலாவுலயா?"

அவர் முகம் இறுகுகிறது, "டாக்டராகிற வழியப் பாரும்மா, என் கையெழுத்து இல்லாம எங்க போவே?" என்கிறார், எங்கேயா, வேறு கைடு கேட்டு விண்ணப்பம் காலையிலேயே துறையில் கொடுத்தாயிற்று, அந்த வெளிநாட்டுப் புத்தகத்தின் தொகுப்பாசிரியருக்கும் நடந்ததை எழுதி அனுப்பியாயிற்று, இன்னும் இரண்டு வருஷம் இழுக்கும், இழுக்கட்டும், உதவித்தொகை நின்றால் டியூஷன் எடுத்துக்கொள்ளலாம், வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும், வாயைத் திறந்தாயிற்று இனி என்ன, பையைத் தோளில் மாட்டித் திரும்புகிறாள், பின்னால் அவர் குரல் இறங்கி வருகிறது, "சரி, உட்காரு, பேசலாம்"… உட்காரவா, இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியை இவளுக்குக் காட்டுவது இதுதான் முதல் தடவை, எல்லாத் திருத்தத்தையும் நின்றுகொண்டேதான் வாங்கியிருக்கிறாள், அது ஏன் ஒரு நாளும் உறைக்கவில்லை, கோபம் கட்டுரைக்காக மட்டும்தானா… கால்கள் அறை வாசலைத் தாண்டிவிட்டிருந்தன.