காதால் இறக்கிய விமானம்

பலாலி ஓடுபாதையில் நான் ஒரு விமானத்தை என் வலது காதால் இறக்கியிருக்கிறேன். கையால் அல்ல, காதால். சந்தேகம் இருந்தால் என் மச்சான் சோமசேகரத்தைக் கேளுங்கள். பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நாற்பது வருடத்தில் நான் சொன்ன ஒன்றையும் நம்பியதில்லை. அன்று பின்சீற்றில் இருந்தவர் அவர்தான்.

அவருடைய மகன் றஜிந்தன் கனடாவில் விமானம் ஓட்டப் படித்தவன். குடும்பத்தைக் கொழும்புக்கு ஏற்றிப்போக ஒரு சின்ன விமானம் தேடினான். பார்க்க இரண்டு வந்தன. ஒன்று செட்டை, அதுதான் இறக்கை, கீழே உள்ளது. மணப்பெண் மினுக்கம், மின்னல் வேகம். மற்றது செட்டை மேலே உள்ள கிழடு.

"எத்தினை பேர், எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம், உதுகளைப் பாத்துத்தான் எடுக்கோணும் மாமா."

"எனக்கு யன்னல் திறக்கோணும். வெத்திலையை எங்கை துப்புறது?"

கிழட்டில் யன்னல் திறந்தது. மெதுவாகவும் இறங்குமாம். அதையே எடுத்தோம். அன்றைக்கே பறந்தும் பார்த்தோம், யன்னலோரம் நான்தான்.

மறுநாள் பூசை. என் மனைவி மகாதேவி சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்தாள். மூக்கு முதல் வால் வரை சந்தனம் அப்பினாள். செட்டையின் கீழே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயையும் விடவில்லை.

பூசை முடிந்து நாங்கள் மூன்று பேரும் மேலே எழும்பி, கீரிமலைக் கடல் தெரிந்த பிறகுதான் றஜிந்தனின் முகம் வெளுத்தது.

"மாமா, வேகம் காட்டுற முள்ளு செத்துப்போச்சு. அந்தக் குழாய்க்குள்ளை காத்துப் போனாத்தான் அது வேலை செய்யும். மாமி சந்தனத்தாலை அடைச்சுப்போட்டா."

"வேகம் தெரியாட்டி என்ன?"

"இறங்கேக்கை வேகம் நல்லாக் குறைஞ்சா, கல்லு மாதிரி விழுவம்."

பின்னால் சோமசேகரம் எல்லாத் தேவாரங்களையும் ஒரே மூச்சில் கலந்து பாடினார். கீழே செம்மண் தோட்டங்கள் எங்களைப் பார்த்து வாய் பிளந்தன. வெற்றிலையை விழுங்கிவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் பருத்தித்துறை யாழ்ப்பாணம் பஸ் ஓட்டியவன் நான். என் பஸ்ஸில் வேகமுள் ஒருநாளும் அசைந்ததில்லை. காற்றின் சத்தம்தான் எனக்கு மீற்றர். யன்னலைத் திறந்து காதைக் கொடுத்தேன்.

"நேற்று இறங்கேக்கை பாய் உதறின மாதிரிச் சத்தம். இப்ப விசிலடிக்குது. கூடிப்போச்சு, குறை!"

"அத்தான், வாயை மூடுங்கோ! உது பஸ்ஸில்லை!" சோமசேகரம் அலறினார். "காதாலை வேகம் அளக்கேலுமே?"

றஜிந்தன் குறைத்தான். விசில் தணிந்தது. பாய் உதறியது. ஓடுபாதை எழுந்து வந்தது. திடீரென்று காற்று முணுமுணுப்பாகச் சுருங்கியது.

"குறையுது! கூட்டடா, கூட்டு!"

எஞ்சின் உறுமியது. மூக்குத் தாழ்ந்தது. மீண்டும் பாய். அப்படியே பிடி, அப்படியே பிடி என்று கத்திக்கொண்டே கண்ணை மூடிவிட்டேன். சில்லுகள் மூன்று தரம் துள்ளி நின்றன.

மகாதேவி ஓடிவந்தாள். "என்ன, மூண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி?"

"காதாலை இறக்கினனான்."

"உங்கடை புளுகு!" என்றவள் தன் தம்பி சோமசேகரத்தைப் பார்த்தாள்.

அவர் சில்லைப் பிடித்தபடி தரையில் குந்தியிருந்தார்.

"ஓம் அக்கா," என்றார். "காதாலைதான் இறக்கினவர். நான் பாத்தனான்."