வீதிக்குக் குறுக்கே ஒரு கேபிள்

தேரோடும் வீதிக்குக் குறுக்கே கேபிள் இழுப்பது வம்பை விலைக்கு வாங்குகிற காரியம். பூமிநாதனுக்கு அது தெரியாமல் இல்லை. வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

திருவாடானையில் அந்த வீதியின் மேல்புறம் ஒரு மாடியில் மையம் இருந்தது. அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டுக் கொண்டுவருவது அதன் வேலை. கீழக்கரைக்காரரான மதார் பாய் பாதி ஆயுசை ரியாத்தில் கழித்துவிட்டு வந்து அதைச் சொந்தக் காசில் நடத்தினார். அங்கிருந்து எவனாவது திருட்டுத்தனமாக ஒரு போன் தேடிப்பிடித்துக் கூப்பிட்டால், மையத்தில் போனைக் கவனிக்கிற சபியாக்கா எடுப்பாள். அவன் பேசுவது ஒரு சர்வரில் பதிவாகும். மனுக்களும் பாஸ்போர்ட் நகல்களும் இன்னொரு சர்வரில் இருந்தன. தூதரகத்துக்குப் போவது அந்தக் குரல் பதிவுதான். நாம் ஆயிரம் மனு எழுதினாலும் அசையாதவர்கள், ஆளே வாய்திறந்து அழுதால் கொஞ்சம் அசைவார்கள்.

பூமிநாதன் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டான். மதுரையில் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. காரணம் தம்பி மலையாண்டி. வீட்டு டிரைவர் வேலை என்று சவூதிக்கு அழைத்துப்போன ஏஜெண்டு, அவனைப் பாலைவனத்தில் ஓர் ஆட்டுக் கொட்டடியில் தள்ளிவிட்டான். வானம் பார்த்த பூமியில் உழுது பிழைத்த குடும்பம். ஆடு மேய்க்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்குப் பேசினான். "எங்கன இருக்கேன்னே தெரியலண்ணே, சுத்தி மணலா இருக்கு." யாரோ போனைப் பிடுங்குவதற்குள் பூமிநாதன் மையத்தின் நம்பரைக் கத்திச் சொன்னான். அதற்கப்புறம் ஒன்றரை வருடமாக மூச்சுப் பேச்சில்லை. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் பூமிநாதன் கைவேலையை விட்டுவிட்டு சபியாக்காவின் முகத்தைப் பார்ப்பான்.

பதிவுகளை நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அவன் தலைகீழாக நின்றதும் அதனால்தான். முதலில் எல்லாம் ஒரே கேபிளில்தான் ஓடியது. நகல் எடுக்கத் தொடங்கினால் பேச்சுப் பதிவு திணறும், நடுநடுவே சொற்கள் விழுந்துபோகும். அதற்குப் பயந்து நகல் எடுப்பதையே தள்ளிப்போட்டார்கள். பூமிநாதன் மதார் பாயை அரித்தெடுத்து, பேக்கப்புக்கு என்று தனி நெட்வொர்க் போட்டான். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு, அதற்கென்று தனி ஸ்விட்ச், அங்கிருந்து வீதியைக் கடந்து எதிர்மாடி அறைக்குப் போகும் ஒரு கேபிள். அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளும். இந்தக் கட்டடமே பற்றி எரிந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். அன்றாட வேலைக்கும் இடைஞ்சல் இல்லை. அரைமணிக்கொரு தரம் அதுபாட்டுக்கு ஓடியது.

அதிலிருந்து சபியாக்காவின் வேலையும் மாறியது. அதற்குமுன் அவள் பேசுகிறவனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து எழுதிக்கொள்வாள். அப்படி இழுத்துக்கொண்டே போனதில் ஒருவன் முதலாளியிடம் மாட்டி அடிபட்டுச் செத்துப் பிழைத்தான். "ஒரு தடவை சொன்னாப் போதும்க்கா, ரெண்டு எடத்துல இருக்கும். இனிமே கூப்பிட்டு மாட்டிக்க வேணாம், இருந்த எடத்துலயே இருங்க, நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லி வச்சுருங்க" என்றான் பூமிநாதன். நியாயமான பேச்சுதான். யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் வைகாசித் தேர் வந்தது. தேரன்று வீதியில் குறுக்கே ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. கரண்டை நிறுத்திவிடுவார்கள், டிவிக்காரர்களும் அவரவர் ஒயரைச் சுருட்டிக்கொள்வார்கள். தேர் நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் எல்லாம் திரும்ப ஏறும். காலையில் பூமிநாதன் தன் கேபிளைத் தானே கழற்றி, சுருட்டி, எதிர்மாடிக் கைப்பிடியில் தொங்கவிட்டான். போன வருடம் பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது, உடனே மாட்டிவிட்டான். இந்த வருடமும் அப்படித்தான் நினைத்தான்.

தேரன்று மையத்துக்கு லீவு விடுவதுதான் வழக்கம். இந்த வருடம் அவன் விடவில்லை. வெறிபிடித்தவனைப் போல ஒரே பிடியாக நின்றான். பௌர்ணமி நெருங்குவதைப் பார்த்து ஊரில் தேர் என்று மலையாண்டிக்குத் தெரியும், பேசுகிறவன் என்றால் இன்றைக்குத்தான் பேசுவான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. யூ.பி.எஸ். நாள் முழுக்கத் தாங்காது. விழாக் கமிட்டியின் ஜெனரேட்டரிலிருந்து ஒரு லைன் கேட்டு வாங்கி, போனுக்கும் சர்வர்களுக்கும் கொடுத்துவிட்டு, சட்டையையும் செல்போனையும் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, வடம் பிடிக்கக் கீழே இறங்கினான். அவன் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

தேர் திருப்பத்தில் மக்கர் செய்தது. ஒரு சக்கரம் தார் ரோட்டில் இறங்கிக்கொண்டது. நெம்பிப் பார்த்தார்கள், கட்டையைப் போட்டுப் பார்த்தார்கள், ஜேசிபி கொண்டுவரலாமா என்றுகூட ஒருவர் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். கடைசியில் மிச்சத்தை நாளைக்கு இழுக்கலாம் என்று முடிவாயிற்று. மேளத்தை நிறுத்தினார்கள், மைக்கை நிறுத்தினார்கள், வீதி முழுக்க எரிந்த சீரியல் விளக்குகளை ஒரே இழுப்பில் அணைத்தார்கள்.

பூமிநாதன் உள்ளங்கை கன்றிப்போய் மாடியேறினான். படிக்கட்டின் தலைப்பில் சபியாக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"பூமி, ஒந்தம்பி பேசுச்சுப்பா."

அவன் மிச்சப் படிகளைத் தாவி ஏறினான்.

"நல்லா இருக்கானா?"

"இருக்கு. தண்ணி லாரிக்காரன் போன்ல பேசுச்சு. அந்த லாரிதான் கொட்டடிக்குத் தண்ணி கொண்டாருமாம். லாரில எழுதியிருக்க கம்பெனி நம்பர, பாத்துப் பாத்து ஒவ்வொண்ணாப் படிச்சுச்சு. அந்த நம்பருக்குப் பேசுனா தண்ணி எங்கன எறக்குறாங்கன்னு சொல்லிருவாங்களாம். என்னயக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு அழுதுச்சு. ஒன்னயக் கேட்டுச்சு. கீழ வடம் பிடிக்கிறாரு தம்பின்னேன். சன்னல்ல நின்னு கத்துனேன், கூட்டத்துல ஒனக்குக் கேக்கல."

"நம்பரு?"

சபியாக்கா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் அவனுக்கு அந்த வாடை எட்டியது, பிளாஸ்டிக் கருகிய வாடை.

"வாசல்ல தேரு, மேளம். எனக்கு ஒண்ணும் வெளங்கலப்பா. மிஷினுக்கு மேளம் கேக்காது, அது எடுத்துக்கிரும்னு இருந்துட்டேன். ஆரம்பத்துல சைபர் அஞ்சு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. இப்பத்தான் வெளக்கெல்லாம் அணைச்சாங்க, உள்ள டப்புனு ஒரு சத்தம்."

சவூதியில் எல்லா செல்போன் நம்பரும் சைபர் அஞ்சில்தான் தொடங்கும்.

அத்தனை விளக்கின் பாரமும் ஒரே நேரத்தில் இறங்கியதும் ஜெனரேட்டர் துள்ளி, லைனில் அளவுக்கு மிஞ்சிய கரண்ட் வந்திருக்கிறது. யூ.பி.எஸ். போயிற்று, இரண்டு சர்வரும் போயின, உள்ளே இருந்த டிஸ்க்குகளும் போயின. அந்த லைனை இழுத்தது அவன்தான். இழுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சே பதிவாகியிருக்காது. இந்தக் கணக்கை அவன் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தான், ஒரு பக்கமும் தேறவில்லை.

சட்டைகூடப் போடாமல் வீதியைக் கடந்து எதிர்மாடிக்கு ஓடினான். பேக்கப் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அது தனி லைன், தனி நெட்வொர்க். அதை பேட்டரியில் போட்டுத் திறந்தான். எல்லாம் வரிசையாக இருந்தன. தமாம் நகரத்தில் கிடக்கிற தொண்டிக்காரன், குவைத்தில் அடிபட்ட வேலைக்காரப் பெண், மனுக்கள், படங்கள். கேபிளைக் கழற்றிய காலைப்பொழுது வரைக்கும் யார் பேசியதும் அதில் இருந்தது. அவன் போட்ட ஏற்பாட்டில் யாருடைய பிள்ளையும் தொலையவில்லை, அவன் தம்பியைத் தவிர. பூமிநாதன் கீபோர்டில் தலையை வைத்து அழுதான்.

கீழே இறங்கியபோது ஊர்க்கூட்டத்தோடு அவன் ஆத்தா சண்முகவள்ளி நின்றுகொண்டிருந்தாள். சபியாக்கா சன்னலில் நின்று கத்தியது பூமிநாதனைத் தவிர எல்லாருக்கும் எட்டியிருந்தது. சண்முகவள்ளியின் மகன் பேசிவிட்டான், இருக்கிற இடம் சொல்லிவிட்டான் என்று வீதி முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆத்தா அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"சாமி கண்ணத் தொறந்துருச்சுய்யா. எடஞ் சொல்லிட்டான்ல?"

"ம்" என்றான். டிஸ்க்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தேர் நிலைக்கு வந்தது. கரண்ட் வந்தது, டிவி ஒயர்கள் ஏறின. பூமிநாதன் அப்போது மதுரையில் ஒரு கடை வாசலில் டிஸ்க்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் ஒரு வாரம் மெனக்கெட்டார். அதே மாதிரி டிஸ்க்கைத் தேடி வாங்கி, அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தார். உள்ளேயே வெந்துபோயிருக்கிறது தம்பி என்று காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். மதார் பாய் தொலைபேசி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். வெளிநாட்டுப் பேச்சுக்கு நம்பர் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ரியாத்தில் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டார். தண்ணீர் லாரி அந்த நாட்டில் எங்கேதான் ஓடவில்லை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

"மனச விட்டுறாதப்பா" என்றார் மதார் பாய். "இன்ஷா அல்லாஹ், திரும்பக் கூப்பிடுவான்."

சபியாக்கா அந்த இடத்தை விட்டு எழுந்து போனாள். அவள் யாரோடும் பேசுவதை நிறுத்தி இரண்டு மூன்று நாளாகியிருந்தது. போன் மணி அடித்தால் மட்டும் எடுப்பாள்.

பூமிநாதன் அவள் பின்னாலேயே போனான். அவளைக் கோபித்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை.

"கடைசியா அவன்ட்ட என்னக்கா சொன்னீக?"

"எல்லாருக்கும் சொல்றதத்தான் சொன்னேன். நீ சொல்லச் சொன்னத."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சுச்சுப்பா. அழுதுகிட்டே இருந்த புள்ள சிரிச்சுச்சு. சரிக்கான்னு வச்சிருச்சு."

அன்று அவன் நேரத்தோடு வீட்டுக்குப் போனான். ஆத்தா வாசலைத் தெளித்துப் பெருக்கிவிட்டு, செல்போனை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் வந்தால் படுக்க என்று கட்டிலுக்குப் புதுக்கயிறு வாங்கிப் போட்டிருந்தாள். பூமிநாதன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கம்ப்யூட்டர், கேபிள் என்பதெல்லாம் அவளுக்கு எந்த அளவுக்குப் புரிந்ததோ தெரியாது. பேசியது எரிந்துபோயிற்று என்பது புரிந்தது. நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று அவன் பயந்தான். அவள் அடித்துக்கொள்ளவில்லை.

"போனாப் போகுது விடுய்யா. அன்னைக்குப் பேசுனவன் நாளைக்கும் பேசுவான்ல? மறுக்காக் கேட்டுக்குவோம்."

"பேச மாட்டான் ஆத்தா."

"ஏன்யா?"

"எல்லாஞ் சொல்லிட்டோம், அண்ணன் வாரான்னு நெனச்சுக்கிட்டு இருப்பான். நாங்களும் இனிமே கூப்பிட வேணாம், இருந்த எடத்துலயே இருன்னு சொல்லிட்டோம். நம்ம போயிக் கூப்புடுற வரைக்கும் அங்கனயேதான் உக்காந்திருப்பான்."

ஆத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து, செல்போனை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எத்தன நாளைக்கிய்யா உக்காந்திருப்பான்?" என்று கேட்டாள்.