மூன்று விரல் ஸ்க்ரீன்ஷாட்

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால், மேடவாக்கம் சிக்னலில் இந்த ஜென்மம் முழுக்க எனக்குப் பச்சை விளக்கே விழாமல் போகட்டும். இதைவிடக் கடுமையான சத்தியம் எங்கள் பக்கத்தில் யாரும் செய்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் ஏ, பி என்று இரண்டு பிளாக். காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு தண்ணீர் லாரி. ஒரு நாள் ஏ, மறுநாள் பி என்று முறை. அன்றைக்கு யார் முறை என்பதை அசோசியேஷன் செயலாளர் ஐந்து ஐம்பதுக்கு வாட்ஸ்அப் க்ரூப்பில் போடுவார். அதைப் பார்த்து, கேட்டில் காவலுக்கு இருக்கும் பச்சையம்மா செயலாளரிடம் சாவி வாங்கி அந்த பிளாக் வால்வைத் திறப்பாள்.

செயலாளர் அரிகிருஷ்ணன், ஏ பிளாக், முதல் மாடி. நான் சுப்ரமணியன், பி பிளாக், நாலாம் மாடி. ‘இன்று பி பிளாக்’ என்று அவர் போடுவார். நான் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு வந்து பார்த்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இருக்கும். அதற்குக் கீழே, ‘இன்று ஏ பிளாக்.’ இரண்டு வாரத்தில் ஐந்து முறை.

பச்சையம்மாவிடம் கேட்டேன்.

“இன்னா சார் நீ, என்னாண்ட சண்டைக்கு வர்ற? க்ரூப்புல இன்னா கீதோ அத்தப் பாத்து தொறக்கறேன். ஏ பிளாக்ல எனக்கு இன்னா மாமன் மச்சானா கீறான்?”

அரிகிருஷ்ணனிடம் கேட்டேன்.

“நான் அப்படிப் போட்டேனா? ப்ரூஃப் இருக்கா சார்? ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பிரின்ட் போடுங்க, ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வைங்க. தப்பு என் பேர்ல இருந்தா வால்வு சாவியை பி பிளாக்குக்கே குடுத்துடறேன்.”

வீட்டில் என் மனைவி அபிதகுஜாம்பாள் அரை வாளித் தண்ணீரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஞாயித்துக்கிழமை சாவி வரலேன்னா நான் நங்கநல்லூர்ல அக்கா ஆத்துக்குப் போயிடுவேன். காபி ஃபில்டரும் என்னோட வரும்.”

அவள் போனால் என்றைக்காவது திரும்பி வருவாள். ஃபில்டர் விஷயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை ஏ முறை. செவ்வாய் காலை கையில் போனோடு உட்கார்ந்தேன். பவர் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் ஒன்றாக அழுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். செய்தி வந்தது. என் கட்டைவிரல் பவரை அமுக்கிவிட்டது. ஆள்காட்டி விரல் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. போன் அணைந்தது. மறுபடி உயிர் வருவதற்குள் செய்தி செத்துவிட்டது. ஆத்திரத்தில் இன்னொரு பட்டனை அமுக்கினேன் பாருங்கள், சத்தம் அப்படிக் குறைந்தது. என் போனில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மிக்ஸியில் குறைந்தது, தாம்பரம் ஸ்டேஷனில் எட்டு மணி வரைக்கும் ரயில்கள் ஊமையாகப் போய்வந்தன.

மூன்றாம் மாடியில் ஜெரூஷா என்று ஒரு பெண். சிறுசேரியில் வேலை. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவளைப் படியில் மடக்கினேன்.

“பட்டனே வேண்டாம் அங்கிள். மூணு விரலை ஸ்க்ரீன்ல வெச்சு ஒரு இழு. அவ்ளோதான்.”

இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தேன்.

“ஐயோ அங்கிள், மேலேர்ந்து கீழ! நீங்க போனுக்கு விபூதி பூசறீங்க!”

உண்மைதான். அறுபது வருடமாக இந்த மூன்று விரலும் சேர்ந்து செய்த வேலை ஒன்றே ஒன்று: இடமிருந்து வலம், நெற்றியில். மூன்றையும் சேர்த்து வைத்தால் கை தானாகப் பக்கவாட்டில் போகிறது. புதன்கிழமை முழுக்க இழுத்ததில் கண்ணாடியில் மூன்று வெள்ளைக் கோடு நிரந்தரமாக விழுந்துவிட்டது. 51-ஆம் நம்பர் பஸ்ஸில் இரண்டு பேர் என் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பிடிவாதமாகப் பழகினேன். சுவர், கதவு, தலையணை, எல்லாவற்றிலும் மேலிருந்து கீழ். கை வழிக்கு வந்தது. வியாழன் காலை குளித்துவிட்டு விபூதி இட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அபிதகுஜாம்பாள் கரண்டியைக் கீழே போட்டாள். “ஏன்னா, இந்த வயசுல கட்சி மாறிட்டேளா?”

கண்ணாடியைப் பார்த்தேன். விபூதி நெட்டுக்குத்தலாக நின்றது. துடைக்க நேரமில்லை, செய்தி வரும் நேரம். பால்கனிக்கு ஓடினேன். எதிர்ப் பால்கனியிலிருந்து அரிகிருஷ்ணன் பார்த்தார். அவர் நாமக்காரர். கண் கலங்கிவிட்டது. “வாங்கோ ஸ்வாமி, வாங்கோ!” என்று கையைக் கூப்பினார். பதிலுக்கு நானும் கூப்ப வேண்டியதாயிற்று. இரண்டு கையும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்து, நீக்கப்பட்டு, போயே போய்விட்டது.

வெள்ளி ஏ முறை. மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். உள்ளங்கையின் ஓரத்தால் திரையைத் துடைப்பதுபோல் வழித்தாலும் ஸ்க்ரீன்ஷாட் விழும் என்று ஜெரூஷா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பால்கனிக் கைப்பிடியில் போனை வைத்தேன். ‘இன்று பி பிளாக்’ வந்தது. ஒரு வாரக் கோபத்தையும் உள்ளங்கையில் சேர்த்து வழித்தேன்.

போன் பறந்தது. பள்ளிக்கரணை சதுப்பிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்த ஒரு கூழைக்கடா, மீன் என்று நினைத்து அதை வாயில் பிடித்துக்கொண்டது. குடியிருப்பை இரண்டு சுற்று சுற்றியது. பிறகு ருசி பிடிக்காமல் கேட்டருகே துப்பிவிட்டுப் போயிற்று.

“சார்! உன் போன ஒரு கொக்கு துப்பிட்டுப் போது சார்!” என்று பச்சையம்மா கத்தினாள். “ஒரே எச்சில், பேஜாரா கீது!”

துடைத்துப் பார்த்தேன். அந்தப் பறவை தாடையால் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில், அளவாக, அமுக்கியிருக்கிறது. நாற்பத்து மூன்று ஸ்க்ரீன்ஷாட். முதலாவதில் பளிச்சென்று: அரிகிருஷ்ணன், ‘இன்று பி பிளாக்’, 5:51.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் பிரின்டை மேஜைமேல் வைத்தேன். பி பிளாக்கே எழுந்து நின்று கை தட்டியது. அரிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“சார், இதுல நேரம் இருக்கு. தேதி எங்க?”

பார்த்தேன். தேதி இல்லை.

“அஞ்சு அம்பத்தொண்ணு தினமும் வருது சார். இது எந்த நாளுன்னு யார் கண்டா? நிஜமா உங்க பிளாக்குக்குத் தண்ணி விட்ட நாளா இருந்தா?”

“எடுத்தது நேத்து!”

“எடுத்தது நீங்களா?”

சத்தியவந்தன் நான், என்ன செய்வேன்? “இல்லை, கூழைக்கடா,” என்றேன்.

பி பிளாக் மெல்ல உட்கார்ந்தது. “சாட்சியைக் கூட்டிட்டு வாங்கோ, அடுத்த மீட்டிங்ல பேசலாம்,” என்று சொல்லி அரிகிருஷ்ணன் வால்வு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்படி அலமாரியில் ஃபில்டர் இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை மட்டும் இருந்தது.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன்: எங்கள் குடியிருப்பில் ஏழு வருடமாகச் செயலாளர் நான்தான். பி பிளாக் நாலாம் மாடியில் குடியிருப்பவர் அரிகிருஷ்ணன்.