வேல்சாமியின் காரைக் கழுவிய தண்ணீர்

வேல்சாமியின் காரைக் கழுவிய தண்ணீர் பேசும். ராஜபாளையத்தில், சஞ்சீவி மலை நேர் எதிரே தெரிகிற அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கே போர்வெல் தண்ணீர் உப்பு, கடைசி வீட்டு நாய் கடிக்கும் என்று புதிதாகக் குடிவருகிறவர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். முந்தின நாள் காருக்குள் தனியாக இருக்கையில் அவர் வாய்விட்டுச் சொன்னதெல்லாம் மறுநாள் காலை நுரையோடு இறங்கி, வாசல் சரிவில் ஓடி, தெருவோரச் சாக்கடையான வாறுகாலில் விழுகிற வரைக்கும் அவர் குரலிலேயே கேட்கும். முன்கண்ணாடியில் வழிகிற தண்ணீர் போகும்போது சொன்னதைச் சொல்லும். பின்கண்ணாடித் தண்ணீர் திரும்பி வரும்போது சொன்னதைச் சொல்லும். சக்கரங்களைத் தேய்த்தால் குறுக்கே புகுந்த பைக்குக்காரர்களுக்கு அவர் இந்தியில் கொடுத்த வசவு வரும்.

அவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஜோத்பூர், தேஸ்பூர், லடாக் என்று இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது மகள் விஜி கல்லூரியை முடித்திருந்தாள். வந்த கையோடு பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கிடங்கில் காவலுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது; தினமும் தனியாகப் போய்த் தனியாக வருவார். பேச்சு என்பது அவருக்குச் சுபாவத்திலேயே கிடையாது. எல்லையில் இருந்த வருஷங்களில் போன் போட்டால் 'ம்', 'சரி', 'வைக்கட்டா' என்ற மூன்றுதான். வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு 'வைக்கட்டா'வுக்கு வேலை இல்லாமல் போனதால் அது இரண்டாகக் குறைந்தது. அவர் மனைவி முனீஸ்வரி இதை வெளியே ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் யாராவது புருஷன் பெண்டாட்டி விடாமல் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

காரை அவர் ஒருநாள் தவறாமல் விடியும் முன்பே கழுவிவிடுவார். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் துணியோடு மண் உரசிப் பெயின்ட்டில் கீறல் விழும். ஒரு வாளியில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். கூரையில் தொடங்கிக் கண்ணாடி, கதவு என்று மேலிருந்து கீழே வருவார். சக்கரத்துக்குத் தனி பிரஷ், அது கடைசியில். வெயில் ஏறுவதற்குள் துடைத்துவிட வேண்டும், உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிடும். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் இத்தனையும் முடிந்திருக்கும். பக்கத்தில் ரேடியோ அலறிக்கொண்டிருக்கும். பட்டாளத்துச் சுறுசுறுப்பு என்றுதான் முதலில் முனீஸ்வரியும் தெருவும் நினைத்திருந்தார்கள்.

ஒரு ஐப்பசியில் தெரு முழுக்கச் சிக்குன்குனியா வந்தது. வேல்சாமிக்கு விரல் மடக்க முடியாதபடி மூட்டுகள் வீங்கிவிட்டன. அந்த நிலையிலும் மூன்றாம் நாள் காலை, கழுவாமல் நின்ற காருக்காக வாளியைத் தூக்கப் போய், தூக்க முடியாமல் வைத்துவிட்டு வந்து படுத்தார். "நான் கழுவுதேன், நீங்க கெடங்க" என்றாள் முனீஸ்வரி. "வேண்டாம்" என்றார் அவர். அது அவர் கணக்கில் அதிகப்படியான பேச்சு. அவள் கேட்கவில்லை. அவர் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததால் மண்ணைக் கரைத்து, கூரைக்கு நுரை போட்டு, முன்கண்ணாடிக்கு வந்தாள். துணியை இழுத்ததும் நுரை சரிந்தது. "ஏட்டி முனீஸு" என்றது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தண்ணீர் பம்பரில் இறங்கிக்கொண்டே, "அந்த மாம்பழக் கலர் சேலை நல்லாருக்கு ஒனக்கு. சொல்லணும்னு நெனச்சேன், வாயில வரல" என்றது. அதற்குள் அது வாசல் சரிவைத் தாண்டிவிட்டது. முனீஸ்வரி துணியோடு பின்னாலேயே ஓடினாள். வாறுகால் ஓரத்தில் குனிந்தபோது, "எம்புட்டு வருசம் ஒத்தையில கெடந்த, ஒரு நாளும் கேட்டதில்லையே நீ" என்பது வரைக்கும் கேட்டது. மீதி சாக்கடையில் போய்விட்டது. எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று இதைப் பார்த்தாள். "ஏமம்மா, எதுவும் விழுந்துருச்சா?" என்று கேட்டாள். முனீஸ்வரி நிமிர்ந்து துணியை உதறினாள். "ஆமாக்கா" என்றாள்.

உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இதெல்லாம் எங்கிட்ட நேர்ல சொன்னா என்னவாம்?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "வண்டியில வருது. வீட்டுல வர மாட்டேங்கு."

காய்ச்சல் இறங்கி விரல்கள் மடங்க ஆரம்பித்த பிறகும் வாளி முனீஸ்வரியிடமே இருந்துவிட்டது. அவரும் திருப்பிக் கேட்கவில்லை. அவள் கழுவுகிற நேரத்தில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்வார். தண்ணீர் சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. ஆனால் மாம்பழக் கலர் சேலையை அவள் அடிக்கடி கட்டினாள். கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று பின்கண்ணாடி சொன்னால் அன்றைக்கே கருவாட்டுக் குழம்பு. விஜிக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா வாயிலிருந்து 'சரி' மட்டும்தான் வந்தது; மறுநாள் காலை இடதுபக்கக் கதவு முழுக்க அழுகையாக வழிந்தது, முனீஸ்வரி ரேடியோவைக் கூட்டி வைத்தாள். தெரு இதற்குப் பழக அதிக நாள் ஆகவில்லை. வெங்கடேஸ்வரி கோலம் போட்டுக்கொண்டே கேட்பாள், தன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிச் சண்டை பிடிப்பாள். வாறுகால் அள்ள வருகிற நகராட்சி ஆட்கள் அந்த இடத்தில் மண்வெட்டியைச் செத்த நேரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். இப்படியே சில வருஷங்கள் போயின. முனீஸ்வரி தன் வாழ்க்கையில் அவ்வளவு பேச்சை அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு தண்ணீரின் குரல் கம்மியது. முதலில் சளி என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் கொடுத்தாள். கஷாயத்தைக் குடித்தார், ஆனாலும் நுரை கரகரத்துக்கொண்டேதான் இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி வேலையாக மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ச் சாயங்காலம் திரும்பினார். மறுநாள் காலை அவள் பின்கண்ணாடிக்கு நுரை போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். "தொண்டையில கட்டியாம். கொரலையே எடுத்துரணுமாம். எடுத்தா ஆளு தப்பிச்சிருவேனாம்" என்றது தண்ணீர். அவள் கை நின்றது. நுரை தானாகவே இறங்கியது. "எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். கொரலு போச்சுன்னா காலையில அவளுக்கு என்ன இருக்கு? அது இல்லாம பத்து வருசம் இருக்கதுக்கு, அதோட ஒரு வருசம் போதும்."

முனீஸ்வரி சக்கரங்களையும் கழுவி முடித்தாள். ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். தோசை சுட்டாள். அவர் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். உள்ளதை உள்ளபடி கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் அவர் 'ம்' என்பார், அதோடு கதவு சாத்திக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். வண்டியில் எடுத்த முடிவை வீட்டில் வைத்து எப்படி முறியடிப்பது? அன்றைக்கு முழுவதும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் அவர் வந்து, காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவர் இடத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெங்கடேஸ்வரி தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாள். உள்ளே முனீஸ்வரியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை ஸ்டியரிங்கில் அடித்தாள்.

மறுநாள் விடியலில் வாளியையும் துணியையும் கொண்டுவந்து வேல்சாமி முன்னால் வைத்தாள். "இன்னைக்கு நீங்க கழுவுங்க."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு காரிடம் போனார். பழைய கைப்பழக்கத்தில் வேகமாகத்தான் ஆரம்பித்தார். முன்கண்ணாடியில் துணி பட்டதும் நின்றுவிட்டார். தண்ணீர் முனீஸ்வரி குரலில் பேசியது.

"யாரு கேட்டா ஒம்ம கொரல? எனக்கு ஆளு வேணும்யா. பேச்சு இல்லாமத்தானே அம்புட்டு வருசம் ஓட்டுனேன்? நீரு பனியில கெடந்தப்ப, போன் வருமா வராதான்னு கெடந்தேன் பாரும், அப்ப பேச்சையா நெனச்சேன்? இருக்காரா இல்லையா, அதத்தான் நெனச்சேன். ராத்திரி பொரண்டு படுத்தா கை படணும். அது போதும். ஒரு வருசம் போதுமாம்ல! எனக்குப் போதாது. கேட்டீரா, எனக்குப் போதாது."

வேல்சாமி இன்னொரு தடவை நுரை போட்டார். தண்ணீர் மறுபடியும் அதையே சொல்லுமா என்று பார்த்தார். ஒரு தடவை கழுவிப் போன பேச்சு திரும்ப வராது. அன்றைக்குக் காரைக் கழுவி முடிக்க வெயில் ஏறிவிட்டது. கூரையெல்லாம் உப்புத் திட்டு. மாம்பழக் கலர் சேலையில் வாசற்படியில் நின்ற மனைவியிடம் வந்து, அந்தக் கரகரத்த குரலில், வீட்டில் வைத்து, நேருக்கு நேராகச் சொன்னார். "சரி. விஜியை வரச் சொல்லு. மதுரைக்குப் போவோம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை வைத்திருந்தார்கள், மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. அதன் மேல் அவர் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்வார். வேண்டியதைக் கையால் காட்டுவார். கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டுவார். வேலையை விட்டாயிற்று. கார் அசையாமல் நின்றது. முனீஸ்வரி அதை விடாமல் கழுவினாள். கூரை, கண்ணாடி, கதவு, கடைசியில் சக்கரம். தண்ணீர் தண்ணீராகவே ஓடியது.

"நிக்கிற வண்டியை எதுக்கும்மா தெனமும் கழுவுத?" என்று உதவிக்கு வந்திருந்த விஜி கேட்டாள்.

"நிக்கிற வண்டியிலதாம்ட்டி தூசி நல்லா ஒட்டும்" என்றாள் முனீஸ்வரி. காரணம் அது ஒன்றுதான் என்று அவளே நம்பவும் தொடங்கியிருந்தாள். நின்றுபோனது நின்றுபோனதுதான். அவள்தானே குரல் வேண்டாம் என்று சொன்னது? ராத்திரி புரண்டால் கை பட்டது.

ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம், விஜி ஊருக்குப் போன பிறகு, வேல்சாமி சாவியை எடுத்தார். தடுக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய், பால்கோவா வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வந்துவிட்டார். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

காலையில் முனீஸ்வரி வழக்கம்போல மண்ணைக் கரைத்தாள். கூரையில் ஒன்றும் இல்லை. முன்கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை, நேற்று பூச்சி ஏதோ அடித்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பின்கண்ணாடிக்கு வந்து துணியை இழுத்தாள்.

"கால் கிலோன்னு ரெண்டு வெரலால காமிச்சேன், அந்தப் பய அரைக் கிலோ கட்டிட்டான்" என்றது தண்ணீர். கரகரப்பு ஏதுமில்லை. பனிமலையிலிருந்து 'வைக்கட்டா' என்று கேட்ட அதே இளங்குரல். "இருக்கட்டும், முனீஸு திம்பா."

துணி அவள் கையிலிருந்து விழுந்தது. அவள் சரிவில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் சேலையை நனைத்துக்கொண்டு, ரோட்டில் குழி விழுந்திருப்பதையும் மழை வரும்போல இருப்பதையும் சொல்லிக்கொண்டே வாறுகாலுக்குப் போனது. எதிரே கோலம் போட்டுக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரி தலையை நிமிர்த்தி, "அண்ணே பேச ஆரம்பிச்சுட்டாரா?" என்றாள். "ஆமாக்கா" என்றாள் முனீஸ்வரி. தெருவில் இதற்கு விளக்கம் தேடி யாரும் அலையவில்லை. ஆபரேஷன் அவர் தொண்டையில் நடந்தது, காரில் யாரும் கை வைக்கவில்லை, அவ்வளவுதான் என்று வெங்கடேஸ்வரி மற்றவர்களுக்குச் சொன்னாள். அது சரியாகவே பட்டது.

இப்போது வாரத்துக்கு நாலைந்து நாள் அவர் காரை எடுத்துக்கொண்டு கூமாப்பட்டி, கான்சாபுரம் பக்கம் சும்மா ஒரு சுற்றுப் போய்வருகிறார். முனீஸ்வரி விடியலில் கழுவுகிறாள். ரேடியோவை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், இவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. போன வாரம் இடதுபக்கக் கதவு, "நேத்து ரசத்துல உப்பு கூட" என்றது. அவள் துணியைப் பிழிந்துகொண்டே வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "கூடத்தான். ரெண்டு தடவ ஊத்திக் குடிச்சப்ப தெரியலையோ?"

உள்ளேயிருந்து டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்டது, விடாமல், சிரிக்கிற மாதிரி. அவள் வாளியை எடுத்துக்கொண்டு மறுபக்கக் கதவுக்குப் போனாள்.