வேப்பெண்ணெய் தடவாத விரல்

என் மகள் பொன்னுத்தாய்க்கு ஒன்பது வயது. இன்னும் விரல் சப்புவாள். வலது கட்டைவிரலை வாயில் வைத்து, இடது கையால் என் காது மடலைப் பிடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். இதில் தெருவுக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் கீழத்தெருவில் இதைப் பேசாத வாய் கிடையாது. அதில் முதல் வாய் அடுத்த வீட்டு அம்சம் அக்காவுடையது.

"ஏண்டி செவ்வந்தி, நாளைக்குச் சமையப்போற புள்ள விரல் சப்புது. நீயெல்லாம் என்னத்த புள்ள வளக்குற? வேப்பெண்ணெயத் தடவுனா தானா விட்டுறும். என் மவன் முருகையன நட பழகும்போதே விட வச்சுட்டேன்."

தடவ எனக்கு மனம் வரவில்லை. பச்சைக் குழந்தையாக அவளை வரப்பில் கிடத்திவிட்டு நடவுக்கு இறங்கியவள் நான். பால் கொடுக்க வரப்பேறினால் மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம் கூலியைப் பிடித்துக்கொள்வார். பிள்ளை அழுது பார்த்தாள், நான் வரவில்லை. விரலைக் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் கொடுக்காததை அவளே தேடிக்கொண்டாள், அதை எந்த முகத்தோடு பிடுங்குவது?

அம்சம் அக்காவின் வளர்ப்பு வேறு. முருகையனுக்குப் பதினொரு வயது. பெரியவர் யார் கூப்பிட்டாலும் தோள் துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி நின்று, கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்வான். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அம்சம் அக்கா சிறுமியாக இருந்தபோது மிராசுதார் ஏதோ கேட்க, இவள் பயந்து வாய் திறக்காமல் நின்றுவிட்டாள். பிள்ளை வளர்க்கத் தெரியாதவன் என்று இவள் அப்பாவைத் தென்னையில் கட்டி அடித்தார்கள். "கேட்டா டக்குனு பதில் வரணும்" என்று சொல்லிச் சொல்லித்தான் மகனை வளர்த்தாள்.

அந்தத் தை மாதம் அறுப்புக் கூலியில் தகராறு. ஆட்சி மாறியும் எங்களுக்குக் கூலி நெல் அளக்கிற மரக்கால் மாறவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார், எங்கள் விவசாயக் கூலிகள் சங்கம் மறித்தது, கைகலப்பில் பஞ்சநதத்தின் மண்டை உடைந்தது. உடைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. போலீஸ் எழுதிக்கொண்டது என் வீட்டுக்காரர் தங்கையன் பெயரை. திங்கட்கிழமை காலை வக்கீலோடு நாகப்பட்டினம் கோர்ட்டில் போய்ச் சரணடைவதாக ஏற்பாடு. அதற்குள் போலீஸ் கையில் சிக்கினால் மனிதர் முழு ஆளாகத் திரும்ப மாட்டார்.

அவர் வெட்டாற்றங்கரைத் தாழம்புதரில் ஒளிந்திருந்தார். பெரியவர்கள் யார் எங்கே போனாலும் பின்னால் மிராசுதாரின் ஆள் வந்தது. அதனால் நத்தை பொறுக்கப் போவதுபோல் பொன்னுத்தாய்தான் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனாள். அம்சம் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. சங்கத் தலைவர் கண்ணுசாமி அண்ணனிடமே போய்விட்டாள்.

"விரல் சப்புற புள்ளய நம்பி ஒரு உசிர ஒப்படைக்கிறீங்களே அண்ணே. ஒரு மிட்டாயக் காட்டுனா ஒளறிடும். என் மவன் போவட்டும்."

அண்ணன் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் மறுத்துப் பேச முடியவில்லை. தெருவே சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாளி முருகையன் கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரும், தலையில் கட்டோடு பஞ்சநதமும் இறங்கினார்கள். எல்லோரையும் கோயில் வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் எழுப்பினார்கள். முதலில் பொன்னுத்தாயை.

"அப்பா எங்க பாப்பா?" இன்ஸ்பெக்டர் நயமாகத்தான் கேட்டார்.

அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி கொண்டு போனியாமே. எங்கன்னு சொல்லு, மிட்டாய் தர்றேன்."

விரல் இன்னும் உள்ளே போனது. அவர் கையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணிலிருந்து நீர் வடிந்ததே தவிர வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எழுந்து ஓடாமல் இருக்க நான் தரையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்க சார். கழுத வயசாவுது, இன்னும் விரல் சப்புது. அதுக்கு என்ன தெரியும்" என்று பஞ்சநதம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். அதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

"டேய், அம்சம் மவனே. இங்க வா."

முருகையன் துண்டை இடுப்பில் கட்டினான். கைகட்டி நின்றான். அம்சம் அக்கா எழப் பார்த்தாள், போலீஸ்காரர் தடியால் அவள் தோளை அமுக்கினார். சில நேரம் பதில் சொல்லாமலும் இருக்கலாம் என்று மகனுக்குச் சொல்லித்தர இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"தங்கையன் எங்கடா?"

"ஆத்தங்கரைத் தாழம்புதர்ல இருக்காருங்க ஐயா."

டக்கென்று வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

ஜீப் ஆற்றங்கரைக்குப் போனது. திரும்பும்போதும் எங்கள் தெரு வழியாகவே ஓட்டி வந்தார்கள். பின்னால் கைகள் கட்டப்பட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அதற்குள்ளேயே உதடு கிழிந்திருந்தது. கூட்டத்தில் பொன்னுத்தாயைத் தேடினார், கண்ணில் படுவதற்குள் ஜீப் போய்விட்டது. கண்ணுசாமி அண்ணன் வக்கீல் வீட்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நான் நேராக அம்சம் அக்காவிடம் போனேன். அவள் என்னைச் சொன்னதையெல்லாம் அவள் முகத்திலேயே திருப்பி எறிய வேண்டும் என்றுதான் போனேன். நீ பிள்ளை வளர்த்த லட்சணம் இதுதானா என்று கேட்க நாக்கு துடித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகையன் இன்னும் கைகட்டியபடியே நின்றான். போகலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பிறகு கட்டிய கை மெல்ல அவிழ்ந்தது. கட்டைவிரல் வாய்க்குப் போனது.

பழக்கத்தில் அதைத் தட்டிவிட அம்சம் அக்கா கையை ஓங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்தேன். ஆத்திரத்தில் பிடித்த பிடியில் அவள் வளையல் ஒன்று உடைந்தது. என் கோபம் தீரவில்லை.

"விடுக்கா," என்றேன். "சப்பட்டும்."